விண்மீன் எண்ணி வீடு தேடுவதோ?

நாள் பார்த்து, கோள் பார்த்து, பிறந்த விண்மீன் பார்த்து, பெண்ணுக்கு மணமகனையும் மனைக்கு வாயிலையும் தேடிய மடமையை எள்ளி நகையாடி வந்தவர்கள் நாம். வானத்திலே எங்கோ மின்னும் மீனுக்கும் வையத்திலே வாடும் மனிதனின் வாழ்வுக்கும் முடிச்சுப் போடுவது எத்தகைய அறியாமை என்று எடுத்துக் கூறினோம், இன்றும் கூறுகிறோம். ஆனால், அறிவியலின் உச்சியிலே அமர்ந்திருப்பதாகப் புகழப்படும் அமெரிக்க நாட்டிலே, இடுப்பெலும்பு முறிந்த தாயை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தவிக்கும் மகன் இன்று என்ன செய்கிறான் தெரியுமோ? விண்மீனைத்தான் எண்ணுகிறான்! ஒன்றா, மூன்றா, ஐந்தா என்று எண்ணுகிறான். ஐந்து என்றால் அகமகிழ்கிறான். ஒன்று என்றால் அலறுகிறான்.

வானத்து மீன்களல்ல அவை. அந்நாட்டு நடுவண் அரசு, ஏறத்தாழ 15,000 பராமரிப்பு இல்லங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை வழங்கும் தர அடையாளங்கள். 2008 டிசம்பரிலே தொடங்கிய முறை. சுமார் 12 இலட்சம் பேர் படுத்துக் கிடக்கும் இல்லங்களைப் பற்றிய தீர்ப்பு. ஆகவே, சோதிடன் கட்டம் போட்டுச் சொல்லும் கதையோடு இதைச் சேர்த்துத் தள்ளிவிட முடியாது. இங்கே ஆய்வு உண்டு, அளவை உண்டு, கணக்கு உண்டு. எனினும், கணக்கு என்று காகிதத்தில் எழுதிவிட்ட உடனே கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டும் என்பதும் பகுத்தறிவு ஆகாது. தன் கையால் உண்ண முடியாமல், தன் காலால் நடக்க முடியாமல், பிறர் கையிலே தன்னை ஒப்படைத்துவிட்டுக் கிடக்கிறாரே ஒரு முதியவர் — அவர் கிடக்கும் இடம் நல்லதா, கெட்டதா என்று அளக்க முடியுமா? முடியும் எனில், அளக்கும் உரிமை எவருக்கு? அளவுகோல் எவர் கையில்?

கடல் கடந்த நாட்டின் கதை நமக்கேன் என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். பிழைப்புத் தேடி அங்கே சென்ற தமிழ்க் குடும்பங்களில் பல, இன்று முதுமையையும் அங்கேயே சந்திக்கின்றன என்பது ஒன்று. முதியோரைப் பேணும் பணியைச் சட்டத்துக்கும் சந்தைக்கும் ஒருசேர ஒப்படைத்து, அதன் விளைவை ஆண்டுக்கணக்கில் எழுத்திலே பதித்து வைத்துள்ள நாடு அது என்பது மற்றொன்று. நல்லதும் கெட்டதும் அங்கே ஏட்டிலே இருக்கின்றன. ஏடு இருக்கும் இடத்திலேதான் விவாதம் நடத்த முடியும்.

அந்த இல்லங்களின் பெயர்ப் பலகையை முதலில் பாருங்கள். 'பராமரிப்பு, மறுவாழ்வு இல்லம்' என்றே பெரும்பாலும் காணப்படும். இரண்டு சொற்கள்; இரண்டு வேறு உலகங்கள்! ஒரு கூடத்திலே, மூட்டு மாற்றியவரும் பக்கவாதத்தால் தாக்குண்டவரும் சில வாரங்கள் தங்கி, பயிற்சி பெற்று, எழுந்து நடந்து, வீடு திரும்பும் நம்பிக்கையோடு இருக்கின்றனர். அடுத்த கூடத்திலே, நினைவு மங்கி, உறவும் மங்கி, இனி இதுவே வீடு என்று ஆகிவிட்டவர்கள் இருக்கின்றனர். முன்னவர்க்குப் பணம் கட்டுவது மெடிகேர் என்னும் முதியோர் காப்பீடு. பின்னவர்களிலே பெரும்பாலோர்க்குக் கட்டுவது மெடிகெய்டு என்னும் ஏழையர் காப்பீடு. இரண்டும் 1965 ஜூலை 30-இல், மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் என்னும் ஊரில், முன்னாள் தலைவர் ட்ரூமன் பக்கத்தில் அமர்ந்திருக்க, ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தின் இரட்டைக் குழந்தைகள். ஆனால் இரட்டையரில் ஒருவர் தாராளமாகத் தருகிறார். மற்றவர் கையைப் பிசைந்துகொண்டு தருகிறார். எனவே, இல்லத்து முதலாளியின் கண் எந்தக் கூடத்தின் மீது படியும் என்று நாம் விளக்கத் தேவையில்லை. வாயிலிலே விளக்கும், வண்ணமும், புதிய பயிற்சிக் கருவிகளும். பின்கட்டிலே, மணி அடித்தும் வராத பணியாளுக்காகக் காத்திருக்கும் கிழங்கள். அங்குள்ள இல்லங்களில் பத்தில் ஏழு, இலாபத்துக்காக நடத்தப்படுபவை என்பதையும் நினைவில் கொள்க.

தாராளம் என்றோமே, அதற்கும் வரம்பு உண்டு. முழுச் செலவை மெடிகேர் ஏற்பது முதல் 20 நாட்களுக்கு. 100 நாள் வரை நோயாளியும் பங்கு தரவேண்டும். அதன் பிறகு கதவு மூடிக்கொள்ளும். அதுவும் எவருக்கு? மூன்று நாட்களேனும் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தவருக்கு என்பது மூல விதி. மருத்துவமனைக் கட்டிலிலேயே படுத்திருந்தும், ஏட்டிலே 'கண்காணிப்பில் உள்ளவர்' என்று ஒரு சொல் மாற்றி எழுதப்பட்டிருந்தால், அந்த நாட்கள் கணக்கிலே சேரா! கட்டில் அதே கட்டில், ஊசி அதே ஊசி. சொல் மட்டும் வேறு. சொல்லைக் காட்டிச் சோற்றைப் பறிக்கும் வித்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

1965-க்குப் பின் அரசாங்கப் பணம் ஆறாகப் பாய்ந்தது. இல்லங்கள் பெருகின. அவற்றுக்குள்ளே நடந்த கொடுமைகளும் பெருகின. படுக்கைப் புண் எலும்பைத் தொட்டவர், மாற்றாத துணியிலே கிடந்தவர், நாற்காலியோடு கட்டப்பட்டவர் என்று செய்திகள் வந்த வண்ணம் இருந்தன. 1986-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தது. 1987-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நாம் பாராட்டவே செய்வோம். உணவு, மருந்து, கட்டில் என்ற அளவிலே நில்லாமல், அங்கே இருப்பவர் ஒரு மனிதர் என்று அது ஒப்புக்கொண்டது. கட்டிவைக்கப்படாமல் இருக்கும் உரிமை. மருந்தால் மயக்கி வைக்கப்படாமல் இருக்கும் உரிமை. தனிமைக்கான உரிமை. கூடிப் பேசி மன்றம் அமைக்கும் உரிமை. முன்னறிவிப்பின்றி ஆய்வாளர் வருவார். 15 மாதத்துக்குள் ஒருமுறையேனும் வந்தே தீருவார். உதவிச் செவிலியருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி.

அதன் பயன்? அதற்கு முன்பு, பத்தில் நால்வர் அளவுக்கு இடுப்பிலோ கையிலோ வார்பூட்டிக் கட்டப்பட்டிருந்தனர் என்று அக்கால மதிப்பீடுகள் கூறின. 'விழுந்துவிடுவாரே, அவர் நன்மைக்காகத்தானே கட்டுகிறோம்' என்பது அன்றைய வாதம். அடிமைக்கும் அதுதானே சொல்லப்பட்டது! பெண்ணுக்கும் அதுதானே சொல்லப்பட்டது! சட்டம் வந்தது, கட்டுகள் எண்ணப்பட்டன, எண்ணிக்கை வெளியிடப்பட்டது, இன்று நூற்றில் ஒருவர் இருவர் என்ற அளவுக்கு அது சுருங்கிவிட்டது. ஆகவே, 'பராமரிப்பு என்பது அன்பின் பாற்பட்டது. அன்பை அளக்க முடியுமா?' என்று கண்களை மேலே செருகிக்கொண்டு பேசுவோரிடம் நாம் சொல்வது இது: அன்பை அளக்க முடியாமற் போகலாம், கயிற்றை எண்ணலாம். எண்ணினார்கள், அவிழ்த்தார்கள். அளக்கவே முடியாது என்ற தத்துவம் எவருக்கு வசதியானது என்று பாருங்கள். கட்டிலில் கிடப்பவருக்கா? கணக்குக் கேட்கப்படுவதை விரும்பாத முதலாளிக்கா?

ஆனால், இந்தக் கயிற்றின் கதை அங்கேயே முடியவில்லை. கயிறு எண்ணப்பட்டது, மாத்திரையும் எண்ணப்பட வேண்டியதாயிற்று. மனநோய்க்கு உரிய கடுமையான மருந்துகளை, நினைவு மங்கிய முதியவர்களுக்குக் கொடுத்து அவர்களை ஓசையின்றி உட்கார வைக்கும் பழக்கம் பரவியிருந்தது. அம்மருந்துகள் அத்தகைய முதியவர்களின் சாவைக் கூட்டக்கூடும் என்று 2005-லேயே அந்நாட்டு மருந்துத் துறை மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. பின்னர், எத்தனை பேருக்கு அம்மருந்து தரப்படுகிறது என்பது விண்மீன் கணக்கிலும் சேர்க்கப்பட்டது. நியாயந்தான். அதிலே ஒரு விலக்கு: ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை அந்தக் கணக்கிலே சேர்ப்பதில்லை, அவர்களுக்கு அம்மருந்து தேவைதானே! இதுவும் நியாயந்தான். நடந்தது என்ன? எண்பது வயது வரை அந்த நோயின் சாயலே இல்லாத பாட்டிமார்களுக்குத் திடீர் திடீரென்று மனச்சிதைவு பிறந்தது! பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தலைகாட்டும் நோய் அது. 2021-இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு ஆராய்ந்து எழுதியபோது, அந்த இல்லங்களில் 9 பேரில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதாகப் பதிவேடுகள் கூறின. மருந்து குறையவில்லை, நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலே ஒரு புது நோய் எழுதப்பட்டது, விண்மீன் மட்டும் மங்காமல் மின்னியது. 2023-இல்தான் அரசு, இந்தப் பதிவுகளை தணிக்கை செய்யும் வேலையைத் தொடங்கிற்று.

பணியாளர் எண்ணிக்கையிலும் இதே கூத்து. தொடக்கத்திலே, எத்தனை செவிலியர் உள்ளனர் என்பதை இல்லத்தாரே எழுதித் தருவர். அதை அரசு அப்படியே நம்பும். மாணவனே விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வது போல! 2014-இல் ஏடுகள் இதைக் கண்டித்து எழுதின. 2016 முதல், சம்பளப் பட்டியலிலிருந்து நேரடியாகக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஆண்டுக்கு எத்தனை பேர் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்ற கணக்கும் 2022 முதல் விண்மீனிலே சேர்ந்தது. குறையைக் கண்டு திருத்திக்கொள்ளும் இந்தப் போக்கை நாம் வரவேற்கிறோம். சோதிடத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையே இதுதான். சோதிடன் ஒருநாளும் தன் கட்டத்தைத் திருத்துவதில்லை.

எனினும், எத்தனை பேருக்குத் தெரியும், விண்மீன் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று? ஆய்வாளர் கண்ட குற்றங்களின் அடிப்படையிலே வரும் விண்மீனே முதன்மையானது. பணியாளர் கணக்கும் பிற அளவைகளும் அதன்மேல் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அந்த முதன்மை விண்மீனை வழங்கும் விதம் இது: ஒவ்வொரு மாநிலத்திலும், குற்றம் குறைந்த முதல் 10 விழுக்காட்டு இல்லங்களுக்கு ஐந்து, கடைசி 20 விழுக்காட்டுக்கு ஒன்று, நடுவிலுள்ள 70 விழுக்காடு, இரண்டு, மூன்று, நான்கு என்று சமமாகப் பிரிக்கப்படும். அதாவது, ஐந்து விண்மீன் என்றால் 'நல்லது' என்று பொருள் அல்ல; 'அம்மாநிலத்துப் பிற இல்லங்களைவிடக் குற்றம் குறைந்தது' என்றே பொருள். எல்லா இல்லங்களும் சீர்கெட்டுப் போனாலும் பத்தில் ஒன்றுக்கு ஐந்து கிடைத்தே தீரும்! எல்லா இல்லங்களும் திருந்தி உயர்ந்தாலும் ஐந்தில் ஒன்று தலைகுனிந்தே நிற்கும். ஒரு மாநிலத்து மூன்று, மற்றொரு மாநிலத்து மூன்றுக்கு ஈடு என்றும் சொல்ல முடியாது. இந்த விளக்கம் அரசாங்கத்தின் கையேட்டிலே தெளிவாகவே உள்ளது. மருத்துவமனை நாளைக் காலைக்குள் இடம் தேடிக்கொள் என்று விரட்டும்போது, கையேட்டைப் படிக்க எந்த மகனுக்கு நேரம் இருக்கிறது?

அளவை பற்றிப் பேசும்போது அவெடிஸ் டொனபெடியன் என்ற பேரறிஞரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பெய்ரூட்டிலே பிறந்து, மிச்சிகனிலே பணியாற்றிய ஆர்மீனிய மருத்துவர். மருத்துவத்தின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் அவர் எழுதிய கட்டுரை, இன்றும் இத்துறையிலே அடிப்படை. மூன்று இடங்களிலே பார் என்றார்: அமைப்பு எப்படி, செயல் எப்படி, விளைவு எப்படி. கட்டடமும் ஆளும் கருவியும் அமைப்பு. நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்தார்களா என்பது செயல். புண் வந்ததா இல்லையா என்பது விளைவு. ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவாய் என்பது உட்பொருள். வாழ்வின் இறுதியிலே அவரே நோயாளியானார். அப்போது, தரத்தின் ஆணிவேர் அன்பே என்று ஒரு பேட்டியிலே கூறினார். அளவையின் தந்தையே அன்பைப் பற்றிப் பேசிவிட்டார் என்று சிலர் அதை மேற்கோள் காட்டி மகிழ்கின்றனர். நாம் மறுக்கவில்லை. ஆனால், அன்பு காட்ட ஒரு பண்டம் தேவைப்படுகிறது. அதன் பெயர் நேரம்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2001-இல் அரசாங்கமே வெளியிட்ட ஓர் ஆய்வு, கேடு நேராமல் இருக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பணி தேவை என்று கண்டது. 23 ஆண்டுகள் கழித்து, 2024-இல் வந்த விதி, 3.48 மணி நேரம் போதும் என்றது. அதிலே உதவிச் செவிலியரின் பங்கு 2.45 மணி. அதாவது 147 நிமிடம். மூன்று முறைப் பணிக்கும் பங்கிட்டால், ஒரு முறைக்கு 49 நிமிடம். அந்த 49 நிமிடத்துக்குள் எழுப்ப வேண்டும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், உடுத்த வேண்டும், ஊட்ட வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். விழுங்கத் தடுமாறும் ஒருவருக்கு ஒருவேளை உணவூட்டவே அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். மீதி நேரத்திலே அன்பு எங்கே நுழையும்? அவசரமாக ஊட்டப்பட்ட கவளம் நுரையீரலுக்குப் போவதும், அதனால் காய்ச்சல் வந்து மீண்டும் மருத்துவமனைக்கு ஓடுவதும், ஊட்டிய பெண்ணின் இதயக் குறையாலா, கடிகாரக் குறையாலா?

அந்தச் சிறு விதியும் நிலைக்கவில்லை. 2025 ஏப்ரலிலே டெக்சாஸ் மாநிலத்து நடுவண் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஜூலையிலே வந்த சட்டம் 2034 வரை அதைச் செயற்படுத்தக்கூடாது என்றது. அந்த ஆண்டின் இறுதியிலே அரசுத் துறையே விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இல்லத்தார் கூறிய காரணம்: ஆள் இல்லை, பணம் இல்லை, சிற்றூர்களிலே இல்லங்களை மூட நேரிடும். இதிலே உண்மையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். சிற்றூரிலே ஒரே இல்லம் மூடப்பட்டால், மனைவி இருக்கும் இடம் எழுபது கல் தொலைவாகி, கிழவரால் போய்ப் பார்க்க முடியாமற் போகும், அதுவும் கொடுமையே. ஆனால், ஆள் ஏன் இல்லை? ஓராண்டிலே ஏறத்தாழப் பாதிப் பேர் விட்டு விலகும் வேலையாக அது ஏன் இருக்கிறது? அந்த வேலையைச் செய்வோர் யார்? பெரும்பாலும் பெண்கள், அவர்களிலே கறுப்பின மக்களும் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டாரும் ஏராளம். பிறர் உடலின் கழிவைத் துடைக்கும் தொழிலை எவர் தலையில் சுமத்துவது, அதற்கு எவ்வளவு குறைந்த கூலி தருவது என்பதிலே உலகத்துக்கு ஓர் ஒற்றுமை இருக்கிறது! நம் நாட்டிலே அதற்குச் சாதி என்று பெயர். அங்கே அதற்குச் சந்தை என்று பெயர். மற்றொரு பக்கம், முதலீட்டு நிறுவனங்கள் இந்த இல்லங்களை வாங்குகின்றன. ஆளும் பணமும் இல்லாத தொழிலை எவராவது விலைகொடுத்து வாங்குவார்களா? அவ்வாறு வாங்கப்பட்ட இல்லங்களிலே, சிகிச்சைக்கென்று குறுகிய காலம் தங்குவோரின் சாவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது என்று 2021-இல் பொருளாதார அறிஞர் சிலர் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

அவ்விதி இல்லாத நிலையில் பழைய சட்டம் கூறுவது என்ன? பதிவுபெற்ற செவிலியர் நாளொன்றுக்கு 8 மணி நேரமேனும் இருக்க வேண்டும். மற்றபடி 'போதுமான' ஆட்கள் இருக்க வேண்டும். போதுமான! எவருக்குப் போதுமான?

இனி, நம் சிந்தையை மிகவும் உறுத்தும் ஒன்றைப் பற்றி. விண்மீன் கணக்கிலே, விழுந்து பெருங்காயம் அடைந்தவர் எத்தனை பேர் என்பதும் ஓர் அளவை. தவறென்று எவர் சொல்ல முடியும்? ஆனால், விழாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. கைபிடித்து, துணை நின்று, தசைக்கு வலுவூட்டி நடக்கப் பழக்குவது ஒரு வழி. அதற்கு ஆள் வேண்டும், பொழுது வேண்டும். எழுந்திருக்கவே விடாமல் நாற்காலியிலே அமர்த்தி வைப்பது மற்றொரு வழி. அதற்கு ஒன்றும் வேண்டாம். கயிறு கூட வேண்டாம். 'எழாதே அம்மா, விழுவாய்' என்ற சொல் போதும். மூன்று வாரத்திலே கால் மெலியும். அதன்பிறகு அவரே எழமாட்டார். ஏட்டிலே விழுந்தவர் இல்லை. உலகிலே நடப்பவர் இல்லை. நடை குன்றியோர் எத்தனை பேர் என்ற அளவையும் அக்கணக்கிலே உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், விழுந்தால் வழக்கு வரும், செய்தி வரும், மகன் கொதித்து வருவான். நடை குன்றினால் 'வயதாயிற்று' என்று எல்லாருமே அமைதி அடைவர். இங்கேதான் பாதுகாப்பும் மறுவாழ்வும் மோதிக்கொள்கின்றன. எந்த இடரும் இல்லாத வாழ்வு வேண்டுமெனில், அதற்குக் கல்லறைதான் தகுந்த இடம். சிறு இடரை ஏற்றுக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் எமக்கும் உண்டெனில், எண்பது வயதுப் பெண்மணிக்கு மட்டும் ஏன் இல்லை?

மறுவாழ்வு என்ற சொல்லுக்குப் பொருள் தேடி நாம் நியூயார்க் வரை போகவேண்டியதில்லை. போனாலும் வேலூருக்குத் திரும்பி வரலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு வண்டி விபத்திலே இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இளம் மருத்துவர். பேணப்பட வேண்டியவர் என்று ஒரு கட்டிலிலே கிடத்தி, விழாமல், புண் வராமல், ஐந்து விண்மீன் பெறத்தக்க முறையிலே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹோவர்ட் ரஸ்க்கிடம் நியூயார்க்கிலே பயின்று, மீண்டு வந்து, 1966-இல் வேலூர்ப் பாகாயத்திலே முதுகுத்தண்டு முறிந்தோர்க்கான மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். ஏற்றுக்கொண்ட சமயத்தின் அருளால் என்று அவர் கூறியிருக்கலாம். நாம் காண்பது பயிற்சியும் துணிவும் பக்கத்திலே நின்ற மனிதர்களின் உழைப்பும். ஒருவரால் இன்னும் என்ன செய்ய முடியும் என்று கேட்பது ஒரு வகை இல்லம். ஒருவருக்கு என்ன நேராமல் தடுக்கலாம் என்று மட்டும் கேட்பது மற்றொரு வகை.

அப்படியாயின், எவர் தீர்ப்பு வழங்குவது? ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். முதலாளி தன் நூலை மட்டும் பார்க்கிறார். மகன் ஞாயிறு மாலை பழக்கூடையோடு வந்து, சுவரின் வண்ணத்தைப் பார்த்து மனநிறைவு கொண்டு போகிறான். அல்லும் பகலும் அங்கே இருப்பவர் ஒருவரே. அவரிடம் கேட்டார்களா? நடுவண் அரசின் விண்மீன் கணக்கிலே, அங்கே வாழ்பவரின் கருத்துக்கு இடமே இல்லை! உணவகத்திலே ஒருவேளை உண்டவனின் கருத்தைக் கேட்கும் நாடு, ஆண்டு முழுதும் ஓரிடத்திலே உண்டு உறங்கி அழுபவரின் கருத்தைக் கேட்கவில்லை. 'அவர்களுக்கு நினைவு தவறிவிட்டதே, கேட்டு என்ன பயன்?' என்பர். மின்னசோட்டா மாநிலத்திலே கேட்கிறார்கள். ஆட்களை அனுப்பி, நேருக்கு நேர் அமர்ந்து, சாப்பாடு பிடிக்கிறதா, மதிக்கிறார்களா, செய்வதற்கு ஏதேனும் இருக்கிறதா என்று வினவி, விடையை மக்கள் காண வெளியிடுகிறார்கள். நினைவு மங்கியோரிலும் பலர் தெளிவாகவே விடை தருகின்றனர். நேற்றைய தேதி மறந்து போகலாம். தன்னை அதட்டியவர் முகம் மறப்பதில்லை.

2020-இன் தொடக்கத்திலே, வாஷிங்டன் மாநிலத்துக் கர்க்லாந்து நகர இல்லம் ஒன்றிலே தொடங்கி, கொரோனாத் தொற்று அந்நாட்டு இல்லங்களிலே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைக் கொன்றது. ஐந்து விண்மீன் இல்லங்களையும் அது விட்டுவைக்கவில்லை. உறவினர் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே நின்று கையசைத்தனர். எத்தனை மாதங்கள் எவரும் உள்ளே வராமல், எவரும் எதையும் காணாமல் அந்தக் கூடங்கள் இருந்தன என்பதை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே, நாளைக் காலைக்குள் முடிவு செய்ய வேண்டிய அந்த மகனுக்கு நாம் சொல்லக்கூடியது: விண்மீனைப் பார், வெறுக்காதே. ஒன்று என்று இருந்தால், ஏன் என்று கேட்டே தீரவேண்டும். துன்புறுத்தல் நடந்த இல்லங்களுக்கு 2019 முதல் ஒரு சிவப்புக் கை அடையாளமும் இடுகிறார்கள், அதையும் பார். ஐந்து என்று இருந்தால் அதோடு நின்றுவிடாதே. ஆய்வாளரின் முழு அறிக்கையைக் கேள். எவரும் காணும் இடத்திலே அதை வைத்திருக்க வேண்டியது இல்லத்தின் சட்டக் கடமை. அன்றைய நாளிலே எத்தனை செவிலியர் பணியில் உள்ளனர் என்பதையும் சுவரிலே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். எண்ணைப் படித்துவிட்டு, ஆட்களை எண்ணிப் பார். மேலாளர் அழைக்கும் நேரத்திலே போகாதே. ஞாயிறு இரவு உணவு வேளையிலே போ. வாயிற் கூடத்து மலர்ச்சாடியை விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் தொலைவிலே இருக்கிறதா என்று பார். நகத்தைப் பார். யாரோ மணி அடித்தால், உன் கைக்கடிகாரத்தைப் பார். துடைத்துக்கொண்டிருக்கும் உதவிச் செவிலியரிடம், இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறாய் அம்மா, இன்று உன் பொறுப்பில் எத்தனை பேர் என்று இரண்டே கேள்வி கேள். அவர் விடை சொல்வதற்கு முன் யாரையாவது திரும்பிப் பார்க்கிறாரா என்பதையும் கவனி.

சேர்த்த பிறகு, ஒரு வாரம் கழித்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாயிடம் கேள். குறை கூறினால் கேட்பதற்கென்றே ஒவ்வொரு மாநிலத்திலும் முறையீட்டு அலுவலர் இருக்கிறார். அவருடைய தொலைபேசி எண்ணும் அந்தச் சுவரிலேதான் ஒட்டப்பட்டிருக்கும். பல இல்லங்களிலே அது நின்றுகொண்டு படிப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்திலே இருக்கிறது. சக்கர நாற்காலியிலே இருப்பவருக்கும் எட்டும்படி தாழ்த்தி ஒட்டச் சொல்.